கையெழுத்து மாறும் வரை

2025 ஜனவரி 16, வியாழன்

பாறசாலையிலிருந்து வரும் பாசஞ்சர் இன்று இருபது நிமிடம் தாமதம். ஆரியசாலைக்குள் ஓடி, கீழ்க்கடையின் வத்தல் மிளகாய் மூட்டைகளைத் தாண்டி மாடியில் இருக்கும் ஆபீசுக்கு ஏறுவதற்குள் ஏழு தும்மல். பதினாறு வருடமாக இந்தப் படியில் தும்முகிறேன். இன்னும் பழகவில்லை.

கவடியாரில் ஒரு ஃபிளாட்டில் கரண்ட் போய், ஒரு அம்மா லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார். எங்கள் மெக்கானிக் சுடலைக்கண்ணு போய்ச் சேரும்வரை பதினான்கு நிமிடம் அவரோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். மகனுக்குப் பெண் பார்ப்பது, நெத்திலி விலை, முட்டு வலி. வெளியே வந்த பிறகும் போனை வைக்க மனமில்லாமல் பேசினார். நான் ஆரோகணம் லிஃப்ட்ஸ் பிரைவேட் லிமிடெட்டில் சேர்ந்ததே இதற்குத்தான், போன் எடுக்க. இப்போது பில், சம்பளம், பராமரிப்பு ஒப்பந்தம் எல்லாம் என் மேசையில்தான். ஆனாலும் எனக்குப் பிடித்தது இந்தப் பதினான்கு நிமிடங்கள்தான்.

மாலையில் ஓர் ஒப்பந்தம் புதுப்பிக்க முதலாளி சாம்பசிவன் சாரோடு ஸ்ரீகாரியம் போனேன். சுடலைக்கண்ணும் வந்திருந்தான். மொட்டைமாடி மெஷின் ரூமில் மோட்டார் கரகரவென்று இரைந்தது. எனக்கே கேட்டது. சார் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் நின்றார். "சத்தமே இல்லாம ஓடறது, இல்லையோ?" என்றார். சுடலைக்கண்ணு என் முகத்தைப் பார்த்தான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன்.

போனில் சத்தம் கேட்டே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லுகிற மனிதர் அவர்.

ஜனவரி 20, திங்கள்

சார் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். காதில் புதிதாக ஒரு கருவி. "இது மனுஷா பேசறதைக் கேக்கப் போறும். மோட்டார் பேசறதைக் கேக்கப் போறாது" என்றார்.

கம்பெனியைக் கைமாற்றப் போகிறாராம். கொச்சியில் ஒரு பெரிய கம்பெனி கேட்டிருக்கிறது. அவர்களுக்கு நாங்கள் பார்க்கும் அறுபத்திரண்டு லிஃப்டும் வேண்டும். எங்கள் பதினொரு ஆட்களும் வேண்டாம்.

"நீ எடுத்துக்கோ ஜெயா. சுடலையையும் சேர்த்துக்கோ. ஆபீஸ் உனக்குத் தெரியும், லிஃப்ட் அவனுக்குத் தெரியும்."

"நான் போன் எடுக்க வந்தவ சார்."

"நான் ரிப்பேர் பண்ண வந்தவன். கம்பெனி நடத்தவா பொறந்தேன்?"

விலை கொச்சிக்காரர்கள் சொன்னதில் பாதி. அதுவும் ஐந்து வருடத் தவணை. கண் நிறைந்துவிட்டது. வத்தல் நெடி என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஜனவரி 21, செவ்வாய்

வீட்டுக்காரர் பிஜுவிடம் சொன்னேன். டூட்டி முடிந்து வந்து கண்டக்டர் பையைக் கழற்றக்கூட இல்லை.

"எடி, நாளைக்கு ஒரு லிஃப்ட் அறுந்து விழுந்தா போலீஸ் ஆரத் தேடி வரும்?"

லிமிடெட் கம்பெனி என்றால் கம்பெனியின் கடன் நம் வீட்டு வாசலுக்கு வராது என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"கடன் வராது. பழி வருமா, வராதா?"

சாப்பிடாமல் படுத்துவிட்டார். கோபமா பயமா, தெரியவில்லை. எனக்கும் அதே கேள்விதான்.

ஜனவரி 22, புதன்

காலையில் ரயிலுக்குக் கிளம்பும்போது பின்னாலேயே வந்தார். "லோன் வேணுமுன்னா எனக்க சம்பள சர்ட்டிபிகேட்ட வச்சு எடு. பொறவு என்னைக் குத்தம் சொல்லப்பிடாது." ஸ்டேஷன் வரை வண்டியில் கொண்டுவிட்டார். ஸ்தோத்திரம்.

ஜனவரி 29, புதன்

கம்பெனி செக்ரட்டரி பத்மகுமார் வந்தார். நம் கம்பெனியின் பதிவுக் காரியங்களை எல்லாம் பார்ப்பவர். "ஒண்ணும் பேடிக்க வேண்டாம் சேச்சி" என்று தொடங்கினால் பயப்பட நிறைய இருக்கிறது என்று அர்த்தம்.

எனக்குப் புரிந்தது இது. பங்கு முழுவதும் சார் பேரிலும் அவர் மனைவி பகவதி மாமி பேரிலும் இருக்கிறது. அவர்களும் நாங்களும் பங்கு மாற்றப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்ட நாளிலிருந்து அறுபது நாளுக்குள் பழைய பங்குப் பத்திரங்களோடு அதைக் கம்பெனியில் ஒப்படைக்க வேண்டும். டைரக்டர்கள் கூடித் தீர்மானம் போட்டு, உறுப்பினர் பதிவேட்டில் எங்கள் பேரை எழுத வேண்டும். "அந்த புக்கில பேரு ஏறுற வரைக்கும் நீங்க ஓனர் அல்ல, கேட்டோ. ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டா மட்டும் போரா."

நூறில் எனக்கு அறுபது பங்கு என்றால் சுடலைக்கண்ணுக்கு நாற்பது. அவன் பேர் பான் கார்டில் ஒரு ஸ்பெல்லிங், ஆதாரில் ஒரு ஸ்பெல்லிங். "எங்க வாத்தியார் ஒண்ணு எழுதுனாரு, ஏஜெண்டு ஒண்ணு எழுதுனான். நான் எந்தச் சுடலைக்கண்ணுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கிடுங்க" என்றான். பத்மகுமார் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைத் துடைத்தார்.

போகும்போது சொன்னது: "ஜனவரிக் கணக்க வச்சு விலை எழுதணும். அது கழியுற வரைக்கும் புது பர்ச்சேஸ் ஒண்ணும் வேண்டா."

ஜனவரி 31, வெள்ளி

கணக்கை மூடினேன். வாங்க வேண்டிய சாமான்களின் சீட்டு ஒரு கட்டு இருந்தது. எல்லாவற்றிலும் பென்சிலால் "மார்ச்" என்று எழுதி ஃபைலில் வைத்தேன்.

பிப்ரவரி 12, புதன்

வலியசாலையில் சார் வீட்டில் கையெழுத்து. நாலு பேரும் போட்டோம். சாட்சிக்குப் பத்மகுமார்.

பழைய பங்குப் பத்திரங்களை பகவதி மாமி பீரோவிலிருந்து எடுத்து வந்தார். 1994. காகிதம் பழுத்திருந்தது. கம்பெனிக்குப் பேர் வைத்ததே மாமிதானாம். அந்தத் தெருக் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருகிறவர். "மேலே போறது ஆரோகணம். அவரோகணம்னு போர்டு வெச்சா யார் ஏறுவா?" என்றார்.

தீர்மானம் போடுகிற கூட்டம் 21ஆம் தேதி வெள்ளிக்கிழமை. இன்னும் ஒன்பது நாள். வீட்டுக்கு வந்து அனுஷாவிடம் சொன்னேன். "அம்மா எம்.டி.யா?" என்று காலேஜ் தோழிகளுக்கெல்லாம் மெசேஜ் அனுப்பிவிட்டாள். அடி, பொறு.

பிப்ரவரி 18, செவ்வாய்

எங்கள் மெக்கானிக் பையன் இசக்கிக்கு அடிபட்டுவிட்டது. பட்டம் ஏரியாவில், ஒன்பது மாடி ஃபிளாட்டில். இடது கை. ஆஸ்பத்திரி பெஞ்சில் இருந்து எழுதுகிறேன். அவன் மனைவி பூமாரியை அழைத்து வர ஆள் போயிருக்கிறது. அவள் கேட்டால் என்ன சொல்ல? கர்த்தாவே.

பிப்ரவரி 19, புதன்

இரண்டு விரல் போய்விட்டது. மோதிர விரலும் சுண்டு விரலும். இருபத்தேழு வயது.

நடந்தது இதுதான். லிஃப்ட் பெட்டியின் தலைக்கு மேல் நின்று வேலை செய்யும்போது அழுத்த ஒரு ஸ்டாப் சுவிட்ச் உண்டு. அதை அழுத்திவிட்டால் எந்த மாடியில் யார் பட்டனை அமுக்கினாலும் பெட்டி அசையக் கூடாது. இசக்கி அழுத்திவிட்டுத்தான் கப்பியைத் துடைத்திருக்கிறான். ஐந்தாம் மாடியில் யாரோ பட்டனை அமுக்கியிருக்கிறார்கள். பெட்டி நகர்ந்தது.

சுவிட்ச் வேலை செய்யவில்லை.

சுடலைக்கண்ணு ஆஸ்பத்திரி வாசலில் நின்று சொன்னான்: "ஜனவரில எழுதிக் குடுத்தேனேக்கா. பட்டம் சுவிட்ச் ஒட்டுது, மாத்தணும்னு."

மத்தியானம் ஆபீசுக்கு வந்து ஃபைலைத் திறந்தேன். அந்தச் சீட்டுக் கட்டில் நாலாவது சீட்டு. ஜனவரி 9 தேதி. அவன் கையெழுத்து. அதற்கு மேல் பென்சிலில் "மார்ச்".

என் எழுத்து.

பிப்ரவரி 20, வியாழன்

சீட்டு என் கைப்பையில் இருக்கிறது. ஏன் எடுத்து வைத்தேன்? ஒளிக்கவா? தெரியவில்லை. தெரியும் - ஒளிக்கத்தான்.

பத்மகுமார் வந்து கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "சேச்சி, இப்போ நீங்க ஓனரும் அல்ல, டைரக்டரும் அல்ல. வெறும் ஸ்டாஃப். கேஸ் வந்தா அது சாம்பசிவன் சார்றெ தலையிலதான். பின்மாறணும்னா இதுதான் நேரம்." சீட்டைப் பற்றி அவருக்குத் தெரியாது. நல்லதுக்குத்தான் சொன்னார்.

பிஜு அன்றைக்குக் கேட்ட கேள்வியைத் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒரு தம்ளர் கட்டன் டீ போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அதுதான் தாங்க முடியவில்லை.

பென்சில் எழுத்து. ரப்பரை எடுத்து நாலு தேய் தேய்த்தால் போய்விடும். அனுஷாவின் மேசையில் ரப்பர் இருக்கிறது. எடுத்தேன். கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. அழித்துவிட்டால் பூமாரியின் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? அழிக்காவிட்டாலும் எப்படிப் பார்ப்பேன்? என்னத்துக்கு எனக்கு இந்தக் கம்பெனி? போன் எடுத்துக்கொண்டு கிடந்திருக்கலாமே, என் பாட்டுக்கு.

ரப்பரைத் திரும்ப வைத்துவிட்டேன். கர்த்தர் அவ்வளவு பலம் தந்தாரே.

பிப்ரவரி 21, வெள்ளி

இன்று நடக்க வேண்டிய கூட்டம் நடக்கவில்லை.

சார் அறைக்குப் போனேன். குரல் மெதுவாகத்தான் வந்தது. "சார், அந்தச் சீட்டு என்கிட்டதான் இருந்தது."

"என்னது?"

"சுவிட்ச் சீட்டு. மார்ச்னு எழுதினது நான்."

"உரக்கச் சொல்லு ஜெயா. காதுல மாட்டலை."

கத்திவிட்டேன். "நான்தான் தள்ளிப் போட்டேன் சார்! இசக்கி விரல் போனது என்னாலதான்!"

திரும்பிப் பார்த்தால் வாசலில் சுடலைக்கண்ணு.

சார் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு, சீட்டை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம். திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் நல்லது என்றுகூட இருந்தது.

"ஒம்பதாம் தேதி அவன் எழுதியிருக்கான். நீ பென்சிலை எடுத்தது முப்பத்தொண்ணாம் தேதி. நடுவுல மூணு வாரம். அந்த மூணு வாரம் நானும் இந்த நாற்காலியிலதான் உக்காந்திருந்தேன். வாராவாரம் சர்வீஸ் புக்கைப் பாக்கறது என் வேலையாக்கும். பாக்கலை."

சுடலைக்கண்ணு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "நானும் ஒரு தடவ எழுதிக் குடுத்துட்டு விட்டுட்டேன். ரெண்டாம் தடவ கேக்கல. மேல போயி கரண்ட்ட நிறுத்திட்டு வேல பாருலேன்னு அவன்ட்டயும் சொல்லல."

"கம்பெனிய எனக்குத் தராதீங்க சார்" என்றேன்.

"அது அப்பறம். மொதல்ல மத்த அறுபத்தொண்ணையும் பாக்கணும். இன்னிக்கே."

பிப்ரவரி 22, சனி

பூமாரியிடம் நானே போய்ச் சொன்னேன். வார்டுக்கு வெளியே, குழாயடியில். இசக்கியின் சட்டையை அலசிக்கொண்டிருந்தாள். முழுவதும் சொன்னேன். பென்சில் உட்பட.

அவள் சட்டையைப் பிழியவே இல்லை. தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

"எங்கிட்ட ஏங்கா சொல்லுதீய? சொல்லாம இருந்திருந்தா எனக்கு ஒங்களப் புடிச்சிருக்கும்லா."

போங்க என்றாள். வந்துவிட்டேன். அவள் சொன்னது சரி.

பிப்ரவரி 25, செவ்வாய்

விசாரணைக்கு மின் ஆய்வாளர் வந்தார். குறை முன்பே தெரிந்திருந்தும் சாமான் வாங்கத் தாமதித்தது கம்பெனியின் தவறு என்று சார் எழுதிக் கொடுத்தார். என் பேர் அதில் இல்லை. என் பேரையும் எழுதுங்கள் என்று கேட்டேன்.

"கம்பெனிக் கையெழுத்து இன்னும் மாறலை, ஜெயா. கம்பெனின்னா இப்போ நான்தான்."

"எழுதினது நான் சார்."

"அதைச் சொல்ல வேண்டியவாகிட்ட நீ சொல்லியாச்சு. மாமிகிட்டயும் சொன்னேன். அவள் சொன்னாள், இதைச் சொன்னவள் கையில கம்பெனி இருக்கட்டும்னு."

சீட்டை, பென்சில் எழுத்தோடு, அப்படியே அறிக்கையில் இணைத்தார்கள்.

மார்ச் 4, செவ்வாய்

அறுபத்திரண்டு லிஃப்டும் பார்த்து முடித்தார்கள். சார் ஒவ்வொரு கட்டடத்துக்கும் கூடப் போனார், அறுபத்தொன்பது வயதில். லிஃப்டைத்தான் நிறுத்தியிருக்கிறார்களே, மொட்டைமாடி வரை படியேறித்தான் போக வேண்டும். பட்டத்தோடு சேர்த்து ஒன்பது சுவிட்ச் சரியில்லை. ஒன்பது! இந்த ஒன்பதின் மேலும் எத்தனை முறை யார் யார் நின்றிருப்பார்கள்? எல்லாம் மாற்றியாகிவிட்டது. வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதற்கு எத்தனை தடவை நன்றி சொன்னாலும் போதாது.

மார்ச் 13, வியாழன்

ஆற்றுக்கால் அம்மன் பொங்கல், தெருவெல்லாம் பெண்கள் பொங்கலிடும் நாள். ஊரே அடுப்பு. ரயிலில் நிற்க இடமில்லை; எல்லோர் கையிலும் பானை. லீவுதான், ஆனாலும் இன்றைக்குப் பார்த்து எங்கேயாவது யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டால் போன் எடுக்க ஆள் வேண்டுமே.

ஆரியசாலையில் எங்கள் படிக்கட்டுக்கு நேர் எதிரே மூன்று செங்கல் வைத்து உட்கார்ந்திருந்தது பூமாரி. இருபது நாளாக என்னிடம் அவள் பேசவில்லை. இன்சூரன்சுக்குக் காகிதம் கேட்டால்கூட சுடலைக்கண்ணு வழியாகத்தான். அத்தனை தெரு இருக்க இங்கே ஏன் வந்தாள் என்று கேட்கத் தைரியம் இல்லை. மேலே போய்விட்டேன்.

பதினோரு மணிக்கு அவளே குரல் கொடுத்தாள். "அக்கா, ஒரு கொடம் தண்ணி எடுத்துத் தாங்க. அடுப்ப விட்டு எந்திரிக்க முடியாது."

எடுத்துப் போனேன். புகையில் இரண்டு பேருக்கும் கண் எரிந்தது. பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன்.

"கம்பெனி வேண்டாம்னுட்டியளாமே. சுடல அண்ணன் சொன்னாவ."

"எந்த முகத்த வச்சுக்கிட்டு எடுக்க, பூமாரி?"

அவள் அரிசியைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். "கொச்சிக்காரன் வந்தா இவரு மாதிரி கையில்லாதவன வச்சிக்கிடுவானா? நாளைக்கு இன்னொருத்தனுக்கு அடிபட்டா, அவன் பொண்டாட்டிகிட்ட எவன் வந்து நாந்தான்னு சொல்லுவான்? நீங்க எடுங்க. எடுத்துட்டு ஒழுங்காப் பாருங்க. கோவம் எனக்குப் போகலக்கா. போகும்போது போகட்டும்."

பானை பொங்கியது. சுற்றிலும் பெண்களின் குரவைச் சத்தம். நான் குரவையிட்டதில்லை, சபைக்குப் போகிறவள். வாய் பொத்தி அழுதேன். அவள் ஒரு கிண்ணத்தில் எனக்கும் எடுத்துவைத்தாள். சூடாகவே தின்றேன். நாக்கு சுட்டுவிட்டது.

மார்ச் 14, வெள்ளி

சாரிடம் எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். இந்த முறை ஒரே தடவையில் கேட்டுவிட்டது.

ஆனால் உடனே கூட்டம் போட மாட்டாராம். இசக்கியின் நஷ்டஈடு முடிய வேண்டும். "என் காலத்துல நடந்தது, என் காலத்துலயே முடியணும். அதை உன் தலையில ஏத்திட்டு நான் ஆத்துல போய்ப் படுத்துக்க முடியாது." அறுபது நாள் ஏப்ரல் 13ஓடு தீருகிறது என்று பத்மகுமார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மார்ச் 28, வெள்ளி

இசக்கியின் கட்டைப் பிரித்துவிட்டார்கள். டீ கிளாசை இடது கையால் எடுத்துக் காட்டினான். கொஞ்சம் சிந்தியது. "பழகிரும்க்கா" என்றான் - எனக்கு ஆறுதல் சொல்கிறான், அவன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்சூரன்ஸ் அனுமதி வந்துவிட்டது. அதற்கு மேல் சார் தன் பங்காக ஒரு தொகை சேர்த்திருக்கிறார். எவ்வளவு என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆய்வாளர் அபராதம் போட்டிருக்கிறார். அதையும் அவரே கட்டிவிட்டார். கம்பெனியை எங்களுக்குக் கொடுத்துவிட்டு அவர் கையில் என்ன மிஞ்சும் என்று கணக்குப் போடப் போய், பாதியில் நிறுத்தினேன். எனக்கு அந்த உரிமை இல்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

வலியசாலை. காலை பத்தரை. கூட்டம்.

கூட்டம் என்றால் சாரும் மாமியும் இரண்டு டைரக்டர்கள். நாங்கள் ஓரமாக நாற்காலியில். பிஜு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்; சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டிருந்தார். பத்மகுமார் தீர்மானத்தை வாசித்தார்: சாம்பசிவன், பகவதி அம்மாள் ஆகியோரின் பங்குகளை ஜெயஷீலா, சுடலைக்கண்ணு ஆகியோர் பேரில் மாற்ற அங்கீகாரம். எங்களை டைரக்டர்களாகச் சேர்ப்பது. அவர்கள் இருவரும் விலகுவது. வாசிக்கும்போது எல்லாம் எத்தனை சின்ன வாக்கியங்கள். முப்பத்தோரு வருடம்.

உறுப்பினர் பதிவேட்டைத் திறந்ததும் மாமி எட்டிப் பார்த்தார். "எங்க பேரை அடிக்கணுமோ?"

"அடிக்கில்ல மாமி. நேரே இன்றைய டேட் போடும், அவ்வளவே. பேரு அங்ஙனெ இருக்கும்" என்றார் பத்மகுமார்.

"அப்போ சரி."

அடுத்த பக்கத்தில் எங்கள் பேர். சுடலைக்கண்ணு தன் பேரை விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்தான். "இந்த ஸ்பெல்லிங் நல்லாருக்கு. இதையே வச்சிக்கிடுவோம்." பழைய பங்குப் பத்திரங்களின் பின்பக்கம் எங்கள் பேர் எழுதிக் கையில் கொடுத்தார்கள்.

சார் என்னிடம் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து ஆபீஸ் சாவியை எடுத்தார். என்னிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே என்றேன். "அது ஸ்டாஃப் சாவி" என்றார். சிரிப்பதா, அழுவதா?

திரும்பும்போது பிஜு ஆட்டோவில் கேட்டார்: "பயமாட்டு இருக்கா?"

"இருக்கு."

"நல்லது. எனக்கும் இருக்கு."

ஏப்ரல் 18, புனித வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனை. நன்றி சொல்ல வேண்டியவர்களின் பேரை வரிசையாக நினைத்துக்கொண்டே போனேன். சார், மாமி, பிஜு, சுடலைக்கண்ணு, பத்மகுமார், இசக்கி. பூமாரியின் பேர் வந்ததும் அங்கேயே நின்றுவிட்டேன்.

மே 5, திங்கள்

இசக்கி இன்று வேலைக்குத் திரும்பினான். இனி ரிப்பேர் வேலை இல்லை, பரிசோதனை. கட்டடம் கட்டடமாகப் போய்ப் பார்ப்பான். சந்தேகம் என்றால் யாரையும் கேட்காமல் லிஃப்டைப் பூட்டலாம். அதை எழுத்தில் கொடுத்திருக்கிறேன், பேனாவால். கூடவே பூமாரி வந்து படிவரை அவனைக் கொண்டுவிட்டுவிட்டு, என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். போதும்.

ஜூன் 10, செவ்வாய்

நகரத்தின் நடுவில் இருக்கும் ஓர் ஆறு மாடித் துணிக்கடை எங்களுடைய பெரிய வாடிக்கை. பள்ளிக்கூடம் திறந்த நேரம், மழை, யூனிபார்ம் வாங்கக் கூட்டம் நெரிகிறது. காலை பதினொன்றுக்கு இசக்கி அங்கே லிஃப்டைப் பூட்டிவிட்டான்.

பத்து நிமிடத்தில் கடை மேனேஜரின் போன். ஒரு மணி நேரத்துக்குள் திறக்காவிட்டால் ஒப்பந்தம் இல்லை என்று மலையாளத்தில் கத்தினார். இருங்கள் என்று சொல்லிவிட்டு இன்னொரு போனில் இசக்கியைக் கூப்பிட்டேன்.

"திறக்கலாமா?"

"இன்னிக்கு ஆவாதுக்கா. கயிறுல இழை விட்டிருக்கு. நான் கையால தடவிப் பாத்தேன்."

எந்தக் கை என்று நான் கேட்கவில்லை.

மேனேஜரிடம் இன்று திறக்க முடியாது, புதுக் கயிறு நாளை மறுநாள்தான் வரும் என்றேன். "உங்ஙட எம்.டி.க்குப் போன் குடுங்க" என்றார். சாரைக் கூப்பிட எழுந்து அவர் அறைப் பக்கம் போனேன்; பாதி வழியில்தான் உறைத்தது.

"நான்தான்" என்றேன்.

அவர் போனை வைத்துவிட்டார். மூன்று மணிக்கு ஒப்பந்தத்தை ரத்து செய்கிற கடிதம் மெயிலில் வந்தது. கயிற்றை மாற்றாமல் லிஃப்டை ஓட்டக் கூடாது என்று பதில் எழுதி, என் பேரைப் போட்டு அனுப்பினேன். ஆய்வாளர் அலுவலகத்துக்கும் ஒரு நகல்.

ஐந்து மணிக்கு இசக்கி நனைந்துகொண்டு வந்தான். விஷயம் அவனுக்குத் தெரிந்திருந்தது. படியிலேயே நின்றான்.

"பெரிய கஸ்டமரு அக்கா. நம்மளாலல்லா போச்சு."

"ஆமா" என்றேன், "நம்மளாலதான் போச்சு."

அவன் முகத்தைப் பார்த்தேன். அவனுக்கும் சிரிப்பு வந்துகொண்டிருந்தது.